பாய்லர் ஊரில் ஒரு ரேஸ் கார்

துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு திருச்சி அருகே துவாக்குடியில் எங்கள் பட்டறைக்கு வரும் பையன்கள் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. முன்பெல்லாம் சைலன்சர் மாற்றித் தரச் சொல்வார்கள். இப்போது, "அண்ணே, ரேஸ் ஓட்டணும், எந்த கார் வாங்கலாம்?" என்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் காரிலிருந்து தொடங்கினால் கையிலிருக்கும் பணம் தீர்ந்துவிடும், வண்டியும் தடத்துக்குப் போய்ச் சேராது. எந்தப் பிரிவில் ஓடப்போகிறோம் என்பதுதான் முதல் முடிவு. கார் அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் இந்தப் பந்தயங்களை நெறிப்படுத்துவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற சம்மேளனம். ஓட்டுநர் உரிமம் அங்கே வாங்க வேண்டும், விதிப்புத்தகமும் அவர்களுடையதே. மேலே முழுக்க மூடிய சாதாரண கார்களுக்குச் சூப்பர் ஸ்டாக், ஜூனியர் டூரிங், டூரிங் என்று பிரிவுகள் உண்டு. மேலே போகப்போக இன்ஜினில் கை வைக்க அனுமதி கூடும், செலவும் கூடும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்த ஆண்டின் புத்தகத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் வண்டி தேட வேண்டும். புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது கீழ்ப் படியில் இருக்கும் பிரிவைத்தான். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே பலம் என்கிற இடத்தில்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும்.

இதை நமக்கு முன்பே செய்து காட்டியவர் கோவை எஸ். கரிவரதன். எண்பதுகளின் கடைசியில் அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி, தெருவில் ஓடும் மாருதி 800-இன் இன்ஜினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை வண்டி. உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒன்று உடைந்தால் அடுத்த வாரம் மறுபடி ஓடலாம். நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் ஓட்டி வளர்ந்தவர், 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த 2.1 கிலோமீட்டர் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. வேகத்தைவிட உதிரி பாகத்துக்கு அவர் முதலிடம் கொடுத்தாரே, அதில்தான் அவருடைய மேதைமையைப் பார்க்கிறேன்.

அதே கணக்கில்தான் நான் மாருதி எஸ்டீமைப் பிடித்துக்கொண்டேன். 1298 சிசி இன்ஜின். பிந்தைய பதினாறு வால்வு வகையில் 85 குதிரைத்திறன். எடை குறைந்த உடம்பு. உற்பத்தி நின்று வருடங்கள் ஆனாலும் நம் பந்தயக்காரர்கள் அதை விடவில்லை, அதனால் அனுபவமும் பாகங்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று நான் பார்ப்பதே இல்லை. எப்படியும் கழற்றப்போகிறோம். உடம்புதான் நேராக இருக்க வேண்டும். கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. முன் ஸ்ட்ரட் உட்காரும் மேடை, பின் அச்சு பிடிக்கும் இடம், கதவுக்கடிப் பெட்டி, இந்த மூன்றிலும் துரு தின்றிருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். அடுத்தது தூக்குக்குண்டு. வண்டியைச் சமமாக நிறுத்தி, அடிப்பகுதியில் இடமும் வலமும் ஒத்த துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவராத வண்டி எங்கோ மோதிய வண்டி. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு உயிரான பகுதி.

உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் காவிரி தெரியும், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும், பந்தயத் தடம் ஒன்றும் தெரியாது. ஆனால் பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. அதைத் தாண்டித் திருவெறும்பூர், துவாக்குடி வரை பெல் நிறுவனமும், அதை நம்பி வளர்ந்த பட்டறைகளும் இருக்கின்றன. உயரழுத்த பாய்லர்கள் அறுபதுகளிலிருந்து இங்கே செய்யப்படுகின்றன. வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் பெல் வளாகத்தில் உண்டு. சாய்த்து வைத்த குழாயைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைக்கும் 'சிக்ஸ் ஜி' சோதனையில் தேறியவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் சாதாரணமாக டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ரேஸ் காரில் உயிரைக் காக்கும் பாகம் ரோல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு. அது முழுக்கக் குழாயும் வெல்டிங்கும்தான். இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

சர்வதேச விதிப்படி, ஓட்டுநருக்குப் பின்னால் எழும் முக்கிய வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய் வேண்டும். 50-க்கு 2 என்றாலும் ஏற்பார்கள். குளிர்நிலையில் இழுத்த, மூட்டு இல்லாத கார்பன் எஃகாக இருக்க வேண்டும். வளைப்பதும் சூடு காட்டாமல்தான். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, அதாவது 45-க்கு 135 மில்லிமீட்டர். வளைத்த இடம் நசுங்கி முட்டை வடிவமானால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும். பாய்லருக்கு வெட்டியது போக மிஞ்சிய குழாய்கள் இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். எனக்கு வெல்டிங் செய்து தரும் அண்ணன் அதைத் தொடவே மாட்டார். "தம்பி, டி.சி. இருக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. குழாயோடு சோதனைச் சான்றிதழ் வர வேண்டும், அதிலுள்ள ஹீட் நம்பர் குழாயின் மேல் பொறித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அவர் டார்ச்சை எடுப்பதில்லை.

ஒரு குழாயின் முனை இன்னொன்றின் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி பிறை வடிவில் அரைத்தெடுப்பது பொறுமையான வேலை. காகிதத்தைச் சுற்றி, கோடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி அரைப்போம். பாய்லர் குழாயில் ரூட் என்கிற முதல் ஓட்டத்துக்காக வேண்டுமென்றே இடைவெளி விட்டுப் பழகிய கைக்கு இது முதலில் முரணாகத் தெரியும். இங்கே இடைவெளி விட்டால் மெல்லிய குழாய் உருகி ஓட்டையாகும். எண்ணமும் மாற வேண்டும். பாய்லர் மூட்டு கசியக் கூடாது. கூண்டின் மூட்டுக்குள் அழுத்தம் ஏதும் இல்லை, ஆனால் வண்டி உருளும்போது குழாய் மடங்கினாலும் மூட்டு கிழியக் கூடாது. அதனால் தடிமனாகக் கேப்பிங் ஓட்டுவது இங்கே பலம் அல்ல. அதிகச் சூடு ஏறினால் மூட்டை ஒட்டிய இரும்பின் குணம் கெடும். ஆர்கான் வெல்டிங்கில் சிறிய, சீரான ஓட்டம் போதும். முதலில் எல்லா மூட்டையும் புள்ளி வைத்து நிறுத்திவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறிப் பற்றவைக்க வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் கூண்டு முறுக்கிக்கொள்ளும்.

கூரையை ஒட்டிய மூட்டுகளில்தான் ஒருவருடைய நேர்மை தெரியும். கூண்டு கூரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது, ஆனால் அந்த நெருக்கத்தில் குழாயின் மேற்பக்கத்துக்கு டார்ச் போகாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால்பங்கு வட்டத்தை அப்படியே விட்டு பெயின்ட் அடித்த கூண்டுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வழி வேறு. கால்கள் நிற்கப்போகும் இடத்தில் தரைத்தகட்டைத் துளைத்து, புள்ளி வைத்த கூண்டை முழுசாக ஒரு சாண் கீழே இறக்குவோம். மேலே இடம் கிடைத்துவிடும். அண்ணன் முன் கண்ணாடி திறப்பு வழியாகத் தலையை நுழைத்துக்கொண்டு வட்டம் முழுக்கப் பற்றவைப்பார். முடிந்ததும் கூண்டைத் தூக்கி, துளைகளை மூடி, கால்களுக்குக் கீழே 3 மில்லிமீட்டர் தகடு வைத்துப் பொருத்துவோம். முக்கிய வளைவின் கால் தகடு 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பரப்பு குறைந்தால் மோதலின்போது கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். ஹெல்மெட் படக்கூடிய இடங்களில் அதற்கென்று சான்றுபெற்ற கெட்டி உறை சுற்ற வேண்டும். சாதாரண ஸ்பாஞ்ச் உதவாது.

பிரேக்கில் இரண்டு விஷயம். நல்ல பேட், புது எண்ணெய். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நீண்ட நேர்வழி முடிவில் மிதி தரையைத் தொடும் பயங்கரத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திறந்து வைத்த பாட்டிலைப் பந்தய வண்டிக்கு ஊற்றவே கூடாது.

சஸ்பென்ஷனுக்கு வண்டியின் இரு பக்கமும் நைலான் நூல் கட்டி சக்கரக் கோணம் பார்க்கலாம். அது போதுமான அளவு துல்லியம். நான்கு சக்கரத்துக்கும் தராசு வைத்து, ஓட்டுநரை உள்ளே உட்காரவைத்து, மூலைவிட்ட எடைகள் இரண்டும் சமமாகும் வரை ஸ்பிரிங் உயரத்தைச் சரிசெய்வது மட்டும் தவிர்க்க முடியாதது. அதைச் செய்யாத வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் திரும்பும். தப்பு தன் ஓட்டத்தில் இருப்பதாக ஓட்டுநர் நினைத்து மருகுவார்.

இன்ஜினைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. கீழ்ப் பிரிவுகளில் விதி அதிகம் தொடவிடாது. நான்கு சிலிண்டரிலும் ஒரே அழுத்தம், சுத்தமான ரேடியேட்டர், விதி இடம் கொடுத்தால் ஆயில் சம்பில் தடுப்புத் தகடு, இவ்வளவே. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் வாய் காற்றை இழுத்தால் பேரிங் நொடியில் போய்விடும். தடுப்புத் தகடு அதற்காக.

முதல் ஓட்டத்துக்கு வண்டியை லாரியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோவோம். சின்னத் தடம், வேகம் குறைவு, கோளாறு தெரிந்தால் உடனே உள்ளே வரலாம். திரும்பி வந்ததும் இருக்கையைக் கழற்றி, கூண்டின் கால் மூட்டுகளில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைத் தூள் தெளித்துப் பார்ப்பார் அண்ணன். பாய்லர் வேலையில் விரிசல் தேடும் அதே முறை. சிவப்புக் கோடு எங்கும் எழவில்லை என்றால் போல்ட்டுகளை மறுபடி முறுக்கம் பார்த்து இறுக்குவோம். அதற்குப் பிறகு அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம்.