அரளியும் தென்னந்தூர்க் காளானும்

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சமயபுரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பூதான். அன்றிலிருந்து 28 நாள், மக்களுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி இருக்கிறாள். கூடை கூடையாக வந்து இறங்கும் பூக்களில் எனக்குப் பிடித்தது செவ்வரளி. வேலியோரத்தில் தண்ணீர் காணாமலே தழைக்கிற செடி. ஆடுமாடு வாய் வைக்காது. இலை, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். இருந்தும் அதை அம்மனுக்குச் சாத்த யாருக்கும் கை கூசியதில்லை.

காளானுக்கு இந்த மரியாதை கிடையாது. அடிமரத்தில் செம்பழுப்பாய்ச் சாறு வடிகிற தென்னையின் தூரைப் பாருங்கள். அரைவட்டமாக ஒன்று புடைத்து நிற்கும். மேலே மெருகேற்றிய பளபளப்பு, வளரும் விளிம்பில் வெள்ளை, அடியில் ஊசிமுனைத் துளைகள். அவற்றிலிருந்து உதிரும் வித்துத்தூள் காப்பிப்பொடி மாதிரி படிந்திருக்கும். கேனோடெர்மா. தென்னை வைத்திருப்பவர்கள் தஞ்சாவூர் வாடல் என்று பயப்படுவது இதற்குத்தான்.

கண்ணில் படுவது அதன் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. அரளிக்குப் பூ எப்படியோ அப்படி. உடம்பு முழுவதும் வெள்ளை இழைகளாக மரத்துக்குள் ஓடுகிறது. அரளிப்பூவின் தொண்டையில் நார் நாராகப் பிரிந்த ஜாலர் உண்டு, தேன் கிடையாது. நிறத்தை நம்பி வரும் பூச்சி வெறும் வாயோடு திரும்பும். காளான் யாரையும் கூப்பிடுவதில்லை, காற்று போதும்.

மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை முழுசாகப் பிரிக்கத் தெரிந்தவை, ஏறக்குறைய இந்த வெண்ணழுகல் காளான்கள் மட்டும்தான். இவை இல்லாவிட்டால் காட்டில் விழுந்த மரங்கள் மக்காமல் குவிந்து கிடக்கும். உறவுமுறை பார்த்தாலும் காளான் அரளிக்கு நெருக்கமில்லை, அரளியைப் பறிக்கிற கைக்குத்தான் நெருக்கம். இதை வெறும் நோய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் தோப்புக்குள் வந்துவிட்டால் இரக்கம் பார்க்க முடியாது. பட்ட மரத்தைத் தூரோடு தோண்டி எரிக்க வேண்டும். சுற்றிலும் பள்ளம் வெட்டி மற்ற மரங்களைப் பிரிக்க வேண்டும். மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, கூடவே ட்ரைக்கோடெர்மா விரிடி இடச் சொல்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். அதுவும் ஒரு பூஞ்சைதான், நம் பக்கம் நிற்கிற பூஞ்சை. போட்டபின் மண்ணைக் காயவிடக் கூடாது.