கீழே யாருமில்லாத குரல்

ரால்ஃப் ஸ்டான்லி 2002ல், 75 வயதில், தன் பெயரையே தலைப்பாக்கி ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். வர்ஜீனியா மலைக்காரர், ப்ளூகிராஸில் தேர்ந்த பாஞ்சோக்காரர். 2000ல் ஒரு சினிமாவுக்காக, மரணத்திடம் ஒரு வருஷத் தவணை கேட்கும் பாட்டைப் பாடியபோதே பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டார். வாத்தியம் நுழையாத பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபை வழக்கப்படி வெறும் குரல். இந்தத் தட்டிலும் முன்னே நிற்பது அக்குரல்தான்.

வயதானவர்களைப் பாராட்டும்போது நாம் பெரும்பாலும் கலையை விட்டுவிட்டு ஆயுளைப் பாராட்டுகிறோம். இக்குரலின் கீறலை நான் மன்னித்துக் கேட்கவில்லை. தவணை கேட்பவன் குரல் வழவழப்பாக இருந்தால் அது பொய். இன்னொன்று: 1946லிருந்து 20 வருஷம் அண்ணன் கார்ட்டரின் குரலுக்கு மேலே ஏறி ஒலித்த குரல் இது. கார்ட்டர் 1966ல் போய்விட்டார். ஏறும் பழக்கம் மட்டும் போகவில்லை. கீழே இருக்கும் காலியிடம்தான் எனக்குக் கேட்கிறது.