அடிஸ் அபாபா நாட்கள் – 4: புதன்கிழமைத் தட்டு

எந்தோட்டோ மலையிலிருந்து இறங்கிய மறுநாள் புதன்கிழமை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்கள். இறைச்சி, முட்டை, பால், நெய் எதையும் தொடமாட்டார்கள். வைராக்கியம் உள்ளவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருப்பார்கள். எனக்கு ஊரைக் காட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அப்படிப்பட்டவர். "ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போகலாம்" என்றார். இந்த நாட்டில் பொழுது விடிந்த பிறகுதான் கடிகாரம் எண்ணத் தொடங்கும். நம் காலை ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி. அவர் சொன்ன ஒன்பது, நம்முடைய மூன்று.

ஹாயா ஹுலெத் பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தச் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மரியன்னை படம், வாசலருகே கை கழுவக் குழாய். பயணிகளுக்காக நடனமும் இசையும் வைத்து விருந்து படைக்கும் பெரிய உணவகங்கள் போலே சாலைப் பக்கம் உண்டு. நல்ல இடங்கள்தான். ஆனால் அலுவலக உதவியாளரும் டாக்சி ஓட்டுநரும் கல்லூரி மாணவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்க இப்படிப்பட்ட சந்துக்குள்தான் வர வேண்டும்.

எங்களோடு மூன்றாவதாக ஒரு பெண். எனக்கு மொழிபெயர்த்து உதவுபவர், வடக்கே வொல்லோவில் உள்ள தெஸ்ஸியே நகரத்துக்காரர், இஸ்லாமியர். ஆசிரியரை அவர் "காஷே" என்றே அழைத்தார். வயதில் மூத்த ஆணை மரியாதையாக விளிக்கும் முறை அது.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு வந்தது.

தட்டு முழுவதையும் மூடிக்கொண்டு, புளித்த மாவில் தோசை போலச் சுட்ட இன்ஜெரா. அதன் மேல் நோன்புக் குழம்புகள் வட்டமாக இடப்பட்டிருந்தன. சிவக்கச் சிவக்க மைசூர்ப் பருப்பில் மிசிர் வொத், மஞ்சள் மட்டும் போட்டுக் காரமில்லாமல் வேகவைத்த பட்டாணிப் பருப்பில் கிக் அலிச்சா, கோமென் கீரை, முட்டைக்கோசும் கேரட்டும் உருளையும் சேர்ந்த பொரியல், பீட்ரூட், நடுவில் கொதி அடங்காத ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பு. பல வகை சேர்ந்த இந்தத் தட்டுக்குப் பெயர் பெயாய்நெத்து. இதைத் தவிர மூன்று சுருள் இன்ஜெரா தனியாக வந்தது. கரண்டி கிடையாது. வலக்கையால் ஒரு துண்டு கிழித்து, அதைக் கொண்டே குழம்பை வளைத்துப் பிடித்து வாயில் போட வேண்டும். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்கலாம். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவதும் விரலை நக்குவதும் மரியாதைக் குறைவு.

முதல் துண்டிலேயே அந்தப் புளிப்பு எனக்குத் தெரிந்த புளிப்பாக இருந்தது. தருமபுரிப் பக்கத்தில், முதல்நாள் கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழின் புளிப்பு. ஆசிரியரிடம் சொன்னேன். "கொஜ்ஜாமில் எங்கள் பாட்டி வீட்டு இன்ஜெராவில் பாதி உங்கள் கேழ்வரகுதான், தாகுசா என்போம்" என்றார். நம்முடையது என்று நாம் நினைக்கும் கேழ்வரகு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த தானியம். மலையோரச் சரளை நிலங்களில் நாம் விதைக்கும் பேயெள்ளுக்கும் பூர்வீகம் எத்தியோப்பியாதான். நெய் கூடாத நோன்பு நாளில் இங்கே பலர் வீட்டில் குழம்புக்கு ஊற்றுவது அந்தப் பேயெள்ளு எண்ணெய்தான்.

கடைக்காரம்மா அனுமதித்ததால் அடுப்படிக்குள் போய் நின்றேன். இன்ஜெராவுக்கான தானியம் தெஃப். விரலிடுக்கில் நழுவிவிடும் அளவு நுண்ணிய விதை. அதன் மாவைக் கரைத்து, முந்தைய மாவின் மேல் தெளிந்து நின்ற எர்ஷோ என்ற மஞ்சள் நீரை ஊற்றிப் புளிக்க விடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழிந்ததும் அதில் கொஞ்சம் எடுத்து, கஞ்சியாகக் காய்ச்சி, திரும்ப அதே மாவில் கலக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பொங்கி வருமாம். மித்தாட் என்ற அகன்ற மண் கல்லை, நொறுக்கிய கடுகு வகை விதையால் தேய்த்து வழுவழுப்பாக்கி, மாவை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றினார் அந்த அம்மா. மேலே நூற்றுக்கணக்கில் கண்கள் திறந்ததும் மூடிவைத்தார். திருப்பிப் போடுவதில்லை. கண்கள் நெருக்கமாக, ஒரே அளவாக வந்தால்தான் சுட்டவருக்குப் பெயர்.

பல வீடுகளில் இப்போது மின்சார மித்தாட் வந்துவிட்டது. ஒன்று சுமார் 3.5 கிலோவாட் இழுக்கும். மின்சாரம் போகும் நாளில் யூகலிப்டஸ் விறகுக்குத் திரும்ப வேண்டியதுதான். இவ்வளவு கைப்பக்குவம் வேண்டிய இந்தத் தெஃப் மாவுக்கு ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. 2018-ல் ஹேக் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆசிரியர் இதைச் சொன்னபோது அவர் குரல் உயர்ந்ததை அன்று ஒருமுறைதான் கேட்டேன். எனக்கும் கோபம் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கைமாற்றித் தந்த அறிவு அது.

பக்கத்து அடுப்பில் மிசிர் வொத்துக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றாமல், வெறும் சட்டியில், சிறுதீயில் நெடுநேரம் கிளறுகிறார்கள். வெங்காயம் தன் நீரிலேயே வெந்து குழைந்த பிறகே எண்ணெய், அதன் பிறகு பெர்பெரே. இந்த மிளகாய்ப் பொடியில் பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் என்று நம் அஞ்சறைப் பெட்டியின் உறவுக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். கொரெரிமா என்ற பெரிய ஏலக்காய் வகை மட்டும் இந்தக் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கே உரியது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தெஸ்ஸியே பெண் ஒரு விஷயம் சொன்னார். எனக்கு அன்றைய சாப்பாட்டின் பொருளே அதில்தான் பிடிபட்டது. இந்த நாட்டில் கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை இஸ்லாமியர் சாப்பிடுவதில்லை. இஸ்லாமியர் அறுத்ததைக் கிறிஸ்தவரும் சாப்பிடுவதில்லை. கறிக்கடை தனி, கறிச் சாப்பாட்டுக் கடையும் தனி. வொல்லோவில் இரு மதத்தாரும் ஒரே குடும்பத்துக்குள் இருப்பது சகஜம். அதனால் கல்யாண வீட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனியே அறுத்து, தனித்தனியே சமைப்பார்களாம். "புதனும் வெள்ளியும்தான் காஷேயோடு ஒரே தட்டில் கவலையில்லாமல் சாப்பிட முடியும்" என்றார்.

நோன்பு என்றால் விலக்கு என்றே எண்ணியிருந்தேன். சாதாரண விசுவாசிக்கு ஆண்டில் சுமார் 180 நாள், குருமாருக்கும் துறவிகளுக்கும் சுமார் 250 நாள் நோன்பு என்று படித்தபோது அது கடுமையாகவும் தோன்றியது. ஆனால் இங்கே ஒருவர் தன் மதத்துக்காக விட்டுவிட்ட கறி, இன்னொரு மதத்தவர் பக்கத்தில் உட்கார இடம் விட்டிருக்கிறது. பெரியவர்கள் யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. பருப்பும் கீரையும் தாமாகச் செய்த காரியம் இது.

அப்போது ஆசிரியர் ஒரு துண்டு இன்ஜெராவைக் கிழித்து, ஷிரோவும் கோமெனும் சேர்த்து மடித்து, என் வாய்க்கு நேரே நீட்டினார். குர்ஷா. விருந்தாளிக்கு அன்பைக் காட்டும் முறை, மறுக்கக் கூடாது. அவர் கை பலமுறை அவர் வாய்க்குப் போய் வந்த கை. டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கப்பட்டு வளர்ந்த எனக்கு ஒரு நொடி கழுத்து விறைத்தது. வாங்கிக்கொண்டேன். உடனே இரண்டாவது வந்தது, ஒன்றோடு நிறுத்துவது நல்லதல்ல என்று. பிறகு நான் ஒன்று மடித்து அவருக்கு ஊட்டினேன். எழுபதைத் தாண்டிய மனிதர், பிள்ளையைப் போல் வாயைத் திறந்தார். எச்சில் பார்க்கும் வழக்கம் எத்தனை பேரை எத்தனை பேரிடமிருந்து தள்ளி உட்கார வைத்திருக்கிறது என்று அந்த நேரத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளையைப் பற்றிச் சொன்னேன். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு ஆசிரியரைப் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "இந்தத் தட்டிலும் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை" என்றார். தென்மேற்கே காஃபாவில் மன்ஜோ என்றொரு சமூகம். காட்டில் வேட்டையாடியும் கரி சுட்டும் பிழைத்தவர்கள். மற்றவர்கள் அவர்களோடு ஒரே தட்டில் உண்ண மாட்டார்கள், வீட்டுக்குள் அழைக்க மாட்டார்கள். 1974 புரட்சிக்குப் பின் வந்த அரசு இதை ஒழிக்க முயன்றது. சட்டத்தில் இப்போது எல்லோரும் சமம். வழக்கம் முழுதாக விடவில்லை.

அடித்தட்டு இன்ஜெரா மட்டும் மிச்சமிருந்தது. எல்லாக் குழம்பும் ஊறி இறங்கிய அந்தப் பகுதிதான் ருசியின் உச்சம். மூவரும் பங்கு பார்க்காமல் கிழித்துத் தின்றோம். மூலையில் ஜெபெனா என்ற மண் கூஜாவில் காபி இறங்கியிருந்தது. அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று முடியும்வரை எழுந்திருக்கவில்லை. காபியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதன் காட்டுக்கே போகிறேன்.

ஜிம்மா வழியாகக் காஃபாவின் போங்கா நகரத்துக்கு வெள்ளிக்கிழமை விடிகாலைப் பேருந்து. ஆசிரியரின் பழைய மாணவர் ஒருவர் அங்கே பள்ளி நடத்துகிறார். மன்ஜோ பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். மதிய உணவுக்கு அந்தப் பிள்ளைகள் யாரோடு உட்காருகிறார்கள் என்று அவரிடம் கேட்கச் சொல்லி, என் குறிப்பேட்டில் அம்ஹாரிக் எழுத்தில் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார் ஆசிரியர்.

(தொடரும்)