ஆபிங்டனில் அடம் பிடித்த கார்

லண்டனில் பாயும் அதே தேம்ஸ் நதிதான் ஆபிங்டனிலும் ஓடுகிறது. ஆனால் இங்கே அதற்கு அவசரமே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் பழைய ஊர் இது. இடிந்த மடாலயம், கல் பாலம், 17ஆம் நூற்றாண்டு மண்டபம் எல்லாம் உண்டு. அரச குடும்பத்தில் விசேஷம் என்றால், அந்த மண்டபத்தின் உச்சியிலிருந்து நகரசபை அங்கத்தினர்கள் கூட்டத்தின்மேல் பன் ரொட்டிகளை வாரி வீசுவார்களாம்!

நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. 1965ஆம் வருஷத்து எம்.ஜி.பி. எம்.ஜி. என்றதும் நமக்கு ஞாபகம் வருகிறவர் வேறு. இது 'மாரிஸ் காரேஜஸ்' என்பதன் சுருக்கம். 1929 முதல் 1980 வரை அந்தக் கார்களின் தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது. 1962இல் பிறந்த எம்.ஜி.பி. மட்டும் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. வீட்டுக்காரப் பெரியவர் வாலிபத்தில் அங்கே வேலை பார்த்தவர்.

கடுங்குளிர். கார் மூன்று நாளாகக் கிளம்பவில்லை. பெரியவரின் விரல்களோ மூட்டுவாதத்தால் மடங்கிவிட்டன. ஸ்பானரைப் பிடிக்க முடியாது. "எனக்கும் வயதாகிவிட்டது, அதற்கும் வயதாகிவிட்டது" என்றார். பத்து மணிக்கு ஓர் ஆசாமி விலை பேச வருகிறான். விற்றுத் தொலைக்கச் சொன்னது அம்மாள்தான்.

"நான் பார்க்கட்டுமா?" என்று உட்கார்ந்து, ஆக்ஸிலரேட்டரை நாலு மிதி மிதித்தேன். பெரியவர் சிரித்துவிட்டார். "இந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் மிதித்தால் பெட்ரோல் பீச்சும் பம்ப் கிடையாது. காலை எடுங்கள். சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்."

பின்பக்கம் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் கேட்டு, பிறகு நின்றது. "பெட்ரோல் பம்ப் சரி. கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதால்தான் நின்றது. நிற்காமல் அடித்தால் சந்தேகப்படவேண்டும்."

எஞ்சின் மடமடவென்று சுற்றியது. ஆகவே பாட்டரியும் சரி. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. ஆனால் ப்ளக் உலர்ந்து கிடந்தது. "ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். உலர்ந்திருந்தால் போதவில்லை" என்றார்.

பாட்டி வீட்டுப் பம்ப் ஸ்டவ் ஞாபகம் வந்தது. ஸ்பிரிட் ஊற்றிச் சூடு காட்டாமல் அது எரியுமோ? குளிரில் எண்ணெய் ஆவியாகாது. பெட்ரோலும் அப்படித்தான். குளிர்ந்த குழாயின் சுவரிலேயே பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் சோக். இந்தக் கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால், ஜெட் என்ற சிறு குழாய் கீழே இறங்கும். அதற்குள் இருக்கும் கூர் ஊசியைச் சுற்றி இடைவெளி அகன்று, பெட்ரோல் தாராளமாக வரும்.

"நான் சோக்கை இழுக்கிறேன். நீங்கள் குனிந்து ஜெட்டைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். இரண்டு ஜெட்டும் அசையவே இல்லை! சோக் கம்பியைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து, கம்பி வெறுமனே வழுக்கிக்கொண்டிருந்தது. காருக்கு வயதாகவில்லை, ஒரு திருகுதான் தளர்ந்திருந்தது. முடுக்கினேன். மறுபடி இழுத்தார். ஜெட்டுகள் சமர்த்தாக இறங்கின.

சாவியைத் திருப்பியதும் இரண்டு தும்மல், ஓர் உறுமல். பிறகு வீதியே அதிரும்படி ஓட ஆரம்பித்தது.

"எஞ்சின் சூடேறச் சூடேற சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிகப் பெட்ரோல் ப்ளக்கைக் கரியாக்கும், சிலிண்டர் சுவரின் எண்ணெயையும் கழுவிவிடும்" என்றார். அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது.

பத்து மணி ஆசாமிக்குப் போன் செய்து வரவேண்டாமென்று சொன்னது யார் தெரியுமா? அம்மாள்தான்! தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள்.

நானும் ஆசையோடு கதவருகே போனேன். அப்போதுதான் கவனித்தேன்: காரில் இருந்தவை இரண்டே ஸீட்டுகள். கரி படிந்த கையை ஆட்டி, அவர்களை வழியனுப்பிவைத்தேன்.