பரதேசிப் பள்ளியில் கண்ட ஒளி

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம்மவர், ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலன்றி யூதத் தெருவின் கோடிவரை நடப்பதில்லை. நானும் அவ்வாறே பத்தாண்டுகளைக் கழித்தவன். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். அதற்குக் காரணம் சரித்திர ஆர்வமன்று; வீட்டில் நான் செய்த ஒரு பிழை.

தம்பி கல்லூரி மாணவன். சிறுவர்களுக்கு டியூஷன் சொல்லிச் சேர்த்த பணத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி, தானே ஒரு கணிப்பொறியைப் பூட்டினான். ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட். அதனுள் வண்ண எல்.ஈ.டி. பட்டை ஒட்டவேண்டும் என்றான். "கணக்குப் போடும் பெட்டிக்குத் தேர்த்திருவிழா அலங்காரமா?" என்று முதலில் கடிந்தேன். பின்னர் மனமிரங்கி, மூத்தவன் என்னும் உரிமையில் நானே இணைப்புக் கொடுக்க முற்பட்டேன்.

இவ்விளக்குகளில் இரு வகை உண்டு. நான்கு ஊசிகளில் பொருந்துவது 12 வோல்ட். பட்டை முழுவதும் ஒரே நிறம் காட்டும். மூன்று ஊசிகளுக்குரியது 5 வோல்ட். விளக்குதோறும் ஒரு நுண்சில்லு இருப்பதால் தனித்தனி நிறம் காட்டும். தம்பி வாங்கியது பின்னது. அதன் செருகியில் தடுப்பு எதுவும் இல்லை. நான்கு ஊசிகளுள் மூன்றின்மேல் வைத்து அழுத்தினேன், ஏறிக்கொண்டது. விசையைப் போட்டதும் ஒரு கணம் வெளிச்சம், பிறகு கருகல் நாற்றம். மதர்போர்டு தப்பியது, பட்டை போயிற்று. தம்பி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்கு நாட்கள் என்னோடு பேசவுமில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிறன்று, "வா, நடந்துவிட்டு வருவோம்" என்றேன். மறுக்காமல் வந்தான்.

சுக்கும் மிளகும் மணக்கும் அத்தெருவின் முடிவில் இருக்கிறது 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசிப் பள்ளி. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் ஜெபாலயமாதலால் அப்பெயர். (நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள், எனினும், பிழைப்புக்காக வந்த நாமும் இங்கே பரதேசிகள்தாமே!) கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அதற்கு இடம் தந்தார். மணிக்கூண்டு 1760-இல் சேர்ந்தது.

காலணி களைந்து உள்ளே புகுந்தோம். கூரையிலிருந்து பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகளும், பல நிறக் கண்ணாடிக் கிண்ண விளக்குகளும் நிறையத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றும் ஏற்றப்பட்டிருக்கவில்லை. ஆயினும் மண்டபம் இருளவில்லை. சாளர வெளிச்சம் அக்கண்ணாடிகளில் பட்டுச் சிதறியது. நடுவிலுள்ள மேடையின் பித்தளைக் கம்பிகளில் வழுக்கியது. வெறுங்காலுக்குக் குளிர்ந்த தரையில் இறங்கித் தேங்கியது. அத்தரை சீனத்திலிருந்து வந்த, வெள்ளையில் நீலத்தால் கையெழுத்தோவியம் தீட்டிய ஓடுகளாலானது. ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பார்கள். நான் பத்துப் பன்னிரண்டை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கழுத்து வலியால் நிறுத்திக்கொண்டேன்.

"அண்ணா, கீழேதான் வெளிச்சம் இருக்கிறது" என்றான் தம்பி. ஐந்தாம் நாள் அவன் பேசிய முதல் வாக்கியம் அது. சற்றுப் பொறுத்து, "நாம் பட்டையைக் கண்ணாடிக்கு நேரே ஒட்டினோம். எரிந்திருந்தாலும் கண்ணைத்தான் கூசியிருக்கும்" என்றான். 'நாம்' என்றானே, அதைக் கவனித்தேன்.

புதுப் பட்டைக்கு நான் பணம் கொடுத்தேன், கைவைக்கவில்லை. கேபினெட்டின் மேல்விளிம்புத் தகட்டுக்குப் பின்னே, விளக்குகள் வெளியே தெரியாதபடி அவன் அதை ஒட்டினான். உட்புறம் கறுப்பாதலால் ஒளியை விழுங்கிவிடும். ஆகவே காற்றுத் துளைகளை மறைக்காமல் அடித்தட்டில் வெள்ளை சன்மைகா வெட்டி வைத்தான். வானவில்போல் ஓடும் நிறங்களை நான் விரும்பினேன். அவன் கேட்கவில்லை, அசையாத நீலமே வைத்தான்.

அம்மாவின் கவலை மின்கட்டணம். முப்பது விளக்குகளும் முழு வெண்மையில் எரிந்தாலும் 9 வாட்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். இப்போது, இரவில் அதை அணைக்காதே என்று அவளே சொல்லுகிறாள். தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடத்தில் வழி தெரிகிறதாம்.