மணலில் ஒரு நாய்

முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வறண்டு பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். நெய்தலை அது கணக்கில் சேர்க்கவில்லை. மே மாத நண்பகலில் தேவனாம்பட்டினத்துக்கு வந்து பார்த்தால் சேர்த்திருக்கலாம் என்று தோன்றும். மாலையில் கூட்டம் நிறையும் சில்வர் பீச்சில் அப்போது மனிதர் எவரும் இருப்பதில்லை. நானும் நாய்களும்தான்.

ஓவியனுக்கு வெறுமை தேவை என்று நம்பி அந்நேரத்தில் போகிறேன். தியானம் கூடிவரும் கணத்தில் ஒரு நாய் வந்து என் பையை முகர்கிறது. பொறை பிஸ்கட் இல்லை என்று கண்டதும் பெருமூச்சுடன் நகர்கிறது. என் ஆன்மிக முன்னேற்றத்துக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை கிடையாது.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், இமயத்தைக் கடந்த பாண்டவர்கள் காண்பது ஒரு மணற்கடலை. பாஞ்சாலியும் தம்பியரும் ஒவ்வொருவராக வீழ, தருமனுடன் எஞ்சுவது நாய் மட்டுமே. இறுதியில் அது அறக்கடவுள் என்று தெரியவருகிறது. அந்த இடம் எனக்குச் சற்று ஏமாற்றம்தான். வெறும் நாயாகவே இருந்திருந்தால் இன்னும் பெரிய கதை அல்லவா?

கோயா 1819-க்கும் 1823-க்கும் இடையில் தன் வீட்டுச் சுவரில் வரைந்தது வெறும் நாயைத்தான். இன்று மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படம் முழுக்க மஞ்சள் காவி வெறுமை. அடியில், ஒரு சரிவுக்கு மேலே சிறு தலை. மூழ்கும் உயிர் என்றும் கைவிடப்பட்ட மனிதன் என்றும் அதற்கு விளக்கங்கள் உண்டு. அச்சுப்பிரதியைப் பக்கத்து வீட்டு மீனவப் பெரியவரிடம் காட்டினேன்.

"வெயிலுக்குப் பள்ளம் பறிச்சிப் படுத்துருக்குது தம்பி. அடியில ஈரமண்ணு இருக்குமில்ல" என்றார்.

இங்குள்ள நாய்கள் அதைத்தான் செய்கின்றன. மேல்மணலைப் பறித்து, ஈரத்தில் வயிற்றைப் பதித்துக்கொள்கின்றன. இருவரும் சிரித்தோம்.

பிறகு எனக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வந்தது. கடல் இவ்வூருக்குள் புகுந்து பலரைக் கொண்டுபோன நாள். நெய்தல் ஒரே காலையில் பாலையாயிற்று. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதை உரையாசிரியர் துணையின்றி ஊரே அறிந்தது. மக்கள் முகாம்களுக்குப் போன பின்னும், வீடு இருந்த இடத்து மணலில் ஒரு நாய் நாட்கணக்கில் படுத்திருந்தது. அது மார்கழி மாதம். வெயிலுக்குப் பள்ளம் பறிக்கும் தேவை அதற்கு இல்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். படத்தை மீண்டும் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அது வேற" என்றார்.

என் கித்தானில் மஞ்சள் வெறுமையைத் தீட்டி முடித்துவிட்டேன். அதில் படுக்கப்போவது எந்த நாய் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.