"தொட்டா இரைச்சல் நிக்கணும் பாப்பா!" - அப்பாவின் கிட்டாருக்கு நான் வயரிங் செய்த கதை

பௌர்ணமிக்கு ஊருக்குப் போனால் எங்கள் வீட்டில் படுக்க இடம் கிடைக்காது. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புரியும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த சொந்தக்காரர்கள், அவர்களின் சொந்தக்காரர்கள் என எல்லோரும் எங்கள் கூடத்தில்தான் கால் நீட்டுவார்கள். அப்படி ஒரு பௌர்ணமியில், கூடுதல் பாய் எடுக்கப் பரண் ஏறியபோது அந்தக் கறுப்புப் பை கையில் தட்டுப்பட்டது. அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டார்!

அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவர். ஆடி மாதம் வந்தால் போளூர், செங்கம், கலசப்பாக்கம் என்று கச்சேரி கச்சேரியாகப் போய்க்கொண்டே இருப்பார். பிறகு 'கீபோர்டு ஒண்ணு போதும்' என்றார்கள். அப்புறம் டிராக் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள். அப்பா கடைசியாக வாசித்த கச்சேரியில் பந்தல் ஒழுகி, கிட்டார் நனைந்துவிட்டது. "பிக்கப் போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, பரணில் ஏற்றிவிட்டார். 11 வருடங்கள் ஓடிவிட்டன.

"நான் சரி பண்றேன்ப்பா."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? தூக்கிப் போடு."

எனக்கு சுருக்கென்றது. 'வீட்டிலேயே நீங்களே சரிசெய்யலாம்... 5 எளிய வழிகள்' என்று ஆபீஸில் வாரத்துக்கு நாலு கட்டுரை எழுதுகிறேன். உண்மையில், நான் ஒரு பல்பு ஹோல்டர்கூட மாட்டியதில்லை!

மறுநாள் எங்கள் தெரு டி.வி மெக்கானிக் அண்ணன் கடையில் கிட்டாரைக் கிடத்தினேன். கம்பிகளைக் கழற்றி, முன்பக்க பிளாஸ்டிக் தகட்டைத் திறந்தால், உள்ளே மூன்று பிக்கப். ஒவ்வொன்றிலும் ஆறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி, தலைமுடியளவே மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே இரும்பு கலந்த கிட்டார் கம்பி அதிர்ந்தால், காந்தப்புலம் அசையும். அந்த அசைவு செம்புச் சுருளில் துளி மின்சாரத்தை உண்டாக்கும். அதை ஆம்ப் பெரிதாக்கினால்தான் நமக்குச் சத்தம். நைலான் கம்பி மாட்டினால் இது வேலை செய்யாது.

இந்தத் தத்துவத்தை ஃபாரடே கண்டறிந்தது 1831-ல். அதைக் கிட்டாருக்குள் கொண்டுவர இன்னும் நூறு வருடம் ஆனது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ் பீச்சம் உருவாக்கிய கிட்டார், பார்ப்பதற்கு வாணலி போல இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்றே அழைக்கப்பட்டது. நம் ஊரில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் அந்தச் சின்ன வாத்தியத்தில் கர்னாடக கமகங்களை நீட்டி வாசித்ததும் எலெக்ட்ரிக் மாண்டலினில்தான்.

மல்டிமீட்டரை வைத்ததும் உண்மை தெரிந்தது. இரண்டு பிக்கப்களில் உயிரே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. கழுத்துப் பக்கம் இருந்த மூன்றாவது மட்டும் 6 கிலோ ஓம் காட்டியது. நான் மூன்றையும் மாற்றிவிடலாம் என்றேன். வேண்டாவெறுப்பாக எட்டிப்பார்த்த அப்பா, "பாடுறதை எதுக்குக் கழட்டணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆன்லைனில் இரண்டு பிக்கப்பும் ஒரு செட் கம்பியும் வாங்கிக்கொண்டு அடுத்த பௌர்ணமிக்குப் போனேன். 25 வாட் சால்டரிங் அயனை அண்ணன் கையில் கொடுத்தார். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஈயம் ஒட்டவே இல்லை. உருண்டு உருண்டு ஓடியது. "உப்புத்தாள் போட்டுத் தேய். அப்புறம் இரும்பைச் சூடு பண்ணு, ஈயத்தைச் சூடு பண்ணாத. இல்லைன்னா டிரை சால்டர் ஆயிடும்" என்றார். நாலாவது முயற்சியில் ஈயம் பளபளவென்று பரவியது. சுட்டுக்கொண்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே குதித்தேன்!

ராத்திரி, தோழியிடம் கடன் வாங்கிய சின்ன ஆம்பில் இணைத்தேன். சத்தம் வந்தது. கூடவே 'ம்ம்ம்...' என்று ஓயாத இரைச்சல். அடுப்படியில் இருந்து வந்த அப்பா, எதுவும் பேசாமல் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தார். இரைச்சல் குறையவில்லை.

"தொட்டா இரைச்சல் நிக்கணும் பாப்பா. நிக்கலைன்னா கம்பிக்கு எர்த் போகலைன்னு அர்த்தம்."

பின்பக்க ஸ்பிரிங்கிலிருந்து வரும் ஒற்றை வயரைப் பற்றவைக்க மறந்திருந்தேன். வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை நம் உடம்பே பிடித்துக் கிட்டாருக்குக் கொடுக்கிறது. கம்பிக்கு எர்த் இருந்தால், தொட்டதும் அது அடங்கும். "ஜெனரேட்டர்ல ஓடுற மேடைல கம்பியப் புடிச்சிக்கிட்டே மைக்ல வாய வச்சா, சுள்ளுனு உதட்டுல அடிக்கும். எர்த்தோட அருமை அப்பதான் தெரியும்" என்றார். இத்தனை வருடத்தில் அப்பா மேடையைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

வயரைச் சேர்த்ததும் இரைச்சல் அடங்கியது. அப்பா வாங்கி வாசித்தார். ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேட்டவர் முகம் சுளித்தார். "தனித்தனியா நல்லாருக்கு. பழசையும் புதுசையும் சேர்த்தா அடிச் சத்தமே இல்ல. காத்துப் போன டியூப் மாதிரி இருக்கு."

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மீட்டரில் எல்லா எண்ணும் சரி. மொபைலில் தேடித் துழாவியபோதுதான் புரிந்தது. பழைய பிக்கப்பும் புதியதும் எதிரெதிர் திசையில் வேலை செய்தன. ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்து வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும்.

பழையதன் வயரில் கை வைத்தேன்.

"அதுல வேணாம்மா. நொடிஞ்சிரும். புதுசு ரெண்டையும் மாத்து" என்றபடி அப்பா டார்ச்சைப் பிடித்தார்.

மாற்றினேன். இந்த முறை ஈயம் முதல் தடவையிலேயே ஒட்டியது.

மணி பன்னிரண்டு இருக்கும். கூடத்தில் சொந்தக்காரர்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆம்பின் சத்தத்தைக் குறைத்து, ஸ்விட்சை அந்த இடத்தில் வைத்து மெதுவாக வாசித்தார். இப்போது எனக்கும் கேட்டது அந்த வித்தியாசம். அடியில் ஒரு கனம், மேலே ஒரு மினுமினுப்பு. 'வந்தாச்சாப்பா?' என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவர் கண் மூடியிருந்தார்.

காலையில் பஸ் ஏற்றிவிட வந்தவர், ஜன்னல் பக்கம் நின்று சொன்னார். "அடுத்த மாசம் வரும்போது இன்னொரு செட் கம்பி வாங்கிட்டு வாம்மா. தினமும் வாசிச்சா இது ரொம்ப நாள் தாங்காது."